அம்மாவுக்கு இயேசு யாரென்றே நினைவில்லை. "விசுவாசத்தினால் இரட்சிப்பு" என்றால் இதற்கு என்ன பதில்?

நாசரேத்_பொண்ணு

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எபேசியர் 2:8 பற்றித்தான் கேள்வி. "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்று ஓய்வுநாள் பள்ளியில் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் நான். அந்த வகுப்புக்கு டீச்சர் எங்க அம்மாதான்.

அம்மாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. அல்சைமர். என்னைத் தன் அக்கா என்று நினைத்துப் பேசுகிறார்கள். வீட்டு ஜெபத்தில் கண்ணை மூடச் சொன்னால் கோபம் வருகிறது. போன மாதம் ஒரு ஜெபக்குழு வீட்டுக்கு வந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, இயேசுதானே உங்க இரட்சகர்? சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டார்கள். அம்மா, "யாரு அவரு? எந்த ஊரு?" என்று கேட்டார்கள்.

கிளம்பும்போது குழுவில் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சிஸ்டர், கொஞ்சம் தெளிவா இருக்கிற நேரம் பாத்து ஒரு தடவை வாயால அறிக்கை பண்ண வெச்சிருங்க. ரிஸ்க் எடுக்காதீங்க" என்றார்.

அண்ணன் கதை வேறு. "அம்மா எத்தனை பிள்ளைங்களுக்குச் சோறு போட்டாங்க, அதுக்கே பரலோகம் உண்டு, போய் வேலையப் பாரு" என்கிறான். ஆனால் "கிரியைகளினால் உண்டானதல்ல" என்று அம்மாவே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வசனம் குறுக்கே நிற்கிறது.

நன்மை செய்ததால் இல்லை, விசுவாசத்தால்தான் என்றால், விசுவாசம் இருந்த இடமே காலியாகிவிட்டவர்களுக்கு என்ன? தயவுசெய்து ஆறுதல் சொல்லாதீர்கள், அது வேண்டிய மட்டும் கிடைத்துவிட்டது. உபதேசப்படி என்ன பதில்?

பெந்தே_பிரதர்

சிஸ்டர், உங்க வேதனை புரியுது. ஆனா வந்தவங்களைத் தப்பா நினைக்காதீங்க. ரோமர் 10:9 வாயினால அறிக்கையிடணும், இருதயத்தில விசுவாசிக்கணும்னு ரெண்டையும் கேட்குது. அம்மா நல்லா இருந்த காலத்தில மறுபிறப்பின் அனுபவம் (மனந்திரும்பிப் புதுசா பிறக்கிறது) இருந்திருந்தா ஒரு பயமும் இல்ல. கேள்வியே அதுதான். ஓய்வுநாள் பள்ளி டீச்சரா இருந்தது வேற, இரட்சிக்கப்பட்டது வேற. பாரம்பரிய சபையில நாப்பது வருஷம் பெஞ்சில உக்காந்தும் இரட்சிக்கப்படாதவங்க உண்டு. அம்மா எப்பவாவது சாட்சி சொல்லியிருக்காங்களா? நாள், இடம் ஏதாவது?

பாளை_உபதேசியார்

தம்பி, ஆஸ்பத்திரி டோக்கன் மாதிரி தேதி கேட்கிறீரே. பேதுரு எந்த நாளில் இரட்சிக்கப்பட்டார் என்று சொல்லும் பார்க்கலாம். வலையை விட்டு வந்த அன்றா, "நீர் ஜீவனுள்ள தேவனுடைய குமாரன்" என்ற அன்றா, சேவல் கூவின பிறகா?

அம்மா நாசரேத், நீங்கள் ஆறுதல் வேண்டாம் என்றதால் நேராகப் பேசுகிறேன். விசுவாசம் இரட்சிப்பின் காரணமா, அல்லது வழியா? இந்த உபதேசத்தில் எல்லாம் இந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது. அந்த எபேசியர் வசனத்தில் பவுல் காரணமாகச் சொல்வது கிருபையை. விசுவாசம் அது வந்து சேரும் வழி. விசுவாசமே காரணம் என்று ஆக்கிவிட்டால் என்ன ஆகும்? கோயில் கட்டுவது, தர்மம் செய்வது, யாத்திரை போவது எல்லாவற்றையும் கழித்துவிட்டு, அந்த இடத்தில் "நம்புவது" என்று ஒரே ஒரு பெரிய கிரியையை வைத்ததாக ஆகும். மனதுக்குள் செய்கிற கிரியை, ஆனாலும் கிரியைதான். நினைவாற்றல் உள்ளவனுக்கும் பேச்சுத் திறமை உள்ளவனுக்கும் மட்டும் கைவரக்கூடிய கிரியை.

புராட்டஸ்டண்ட் சபைகளைத் தொடங்கின சீர்திருத்தக்காரர்களுக்கு இந்த ஆபத்து தெரிந்திருந்தது. அவர்கள் உபதேசத்தைக் கேள்வி-பதிலாகச் சொல்லும், 1563-ல் வந்த ஹைடல்பர்க் வினாவிடையில் 61-வது கேள்வி: விசுவாசத்தினால் மாத்திரம் நீதிமான் என்று ஏன் சொல்கிறாய்? பதில் முதல் வரியிலேயே ஒரு பள்ளத்தை மூடுகிறது. என் விசுவாசத்துக்கு ஏதோ தகுதி இருப்பதால் தேவன் என்னை ஏற்றுக்கொள்கிறார் என்பதல்ல, கிறிஸ்து செய்து முடித்ததே என் நீதி, அதை நான் பெறுவது விசுவாசத்தினால், அவ்வளவுதான் என்று வரும்.

அதற்கும் ஆயிரம் வருஷம் முந்தி, கத்தோலிக்கர் புராட்டஸ்டண்ட் என்ற பேச்சே இல்லாத காலத்தில், 529-ல் கால் (Gaul, இன்றைய பிரான்ஸ்) தேசத்து ஓரஞ்சு ஊரில் கூடின ஆயர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். விசுவாசம் வளருவது மட்டுமல்ல, விசுவாசத்தின் தொடக்கமே, நம்ப வேண்டும் என்கிற அந்த முதல் ஆசையே, கிருபைதான் என்று தீர்மானித்தார்கள். முதல் அடியை மனுஷன் வைப்பான், மீதியைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று அந்தக் கால் தேசத்தின் தென்பகுதித் துறவிகள் சிலர் சொல்லிவந்ததற்கு எதிராக வந்த தீர்மானம் அது.

அதனால் "ரிஸ்க்" என்ற அந்தச் சொல்தான் எனக்கு உறுத்துகிறது. யாருடைய கையில் இருக்கிற பொருளுக்கு ரிஸ்க்?

கேள்விக்குறி

நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். ஆனாலும் ஒரு சந்தேகம். அந்த அம்மா மறந்ததால் விசுவாசம் போகவில்லை என்கிறீர்கள். சரி. என் அப்பா தீவிரமான கடவுள் மறுப்பாளர். கடைசியில் அவருக்கும் நினைவு தப்பியது. ஒருநாள் நான் வீட்டில் இல்லாதபோது உறவினர்கள் சிலர் வந்து அவர் கையைப் பிடித்து "அல்லேலூயா சொல்லுங்க, இயேசுவே என்னை மன்னியும் சொல்லுங்க" என்று சொல்லவைத்தார்கள். கிளிப்பிள்ளை மாதிரி சொன்னார். "உங்கப்பா இரட்சிக்கப்பட்டுட்டார்" என்று ஸ்வீட் பாக்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

உங்கள் உபதேசப்படி அது கணக்கில் சேருமா?

தரங்கை_லூத்தரன்

கேள்விக்குறி, இந்த இழையிலேயே கூர்மையான கேள்வி உங்களுடையதுதான், நாங்கள் யாரும் அதைக் கேட்கவில்லை.

சேராது. நாசரேத் அக்காவின் அம்மா "யாரு அவரு" என்றது அவர்களிடமிருந்து எதையும் எடுக்கவில்லை என்றால், உங்கள் அப்பா சொன்ன "அல்லேலூயா" அவருக்கு எதையும் கொடுக்கவுமில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொல்கிறவர் வார்த்தையை மந்திரமாக்குகிறார்.

எங்கள் லூத்தரன் மரபில் இதற்குப் பழைய ஒரு வழி உண்டு. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறீர்களே, அதற்கு விசுவாசம் எங்கே என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லப்போய் உருவானது. விசுவாசம் என்பது ஒன்று, "நான் விசுவாசிக்கிறேன்" என்று தன்னையே திரும்பிப் பார்த்துத் தெரிந்துகொள்வது இன்னொன்று. தூங்குகிற விசுவாசி இரண்டாவதைச் செய்வதில்லை. மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் மேசையில் கிடக்கிறவர் செய்வதில்லை. அதனால் ராத்திரி பத்து மணிக்கு அவிசுவாசியாகிக் காலையில் மறுபடி இரட்சிக்கப்படுகிறார் என்று யாரும் சொல்வதில்லை. அல்சைமர் அழிப்பது இரண்டாவதை. முதலாவது, கடவுள் ஒரு ஆளைப் பிடித்திருக்கிற பிடி. அது மூளை ஸ்கேனில் தெரிகிற சமாச்சாரம் இல்லை.

எங்கள் மரபைத் தொடங்கின மார்ட்டின் லூத்தர் பெரிய வினாவிடையில் (1529) ஞானஸ்நானத்தைப் பற்றி எழுதும்போது, என் விசுவாசம் ஞானஸ்நானத்தை உண்டாக்குவதில்லை, அதைப் பெற்றுக்கொள்கிறது என்பார். என் விசுவாசத்தின்மேல் நான் கட்டினால் மணலில் கட்டுகிறேன். தேவன் சொன்ன வார்த்தையின்மேல் கட்டினால்தான் பாறை.

பெந்தே_பிரதர்

குழந்தை ஞானஸ்நானத்தை இதுக்குள்ள நைசா நுழைச்சுட்டீங்க பாருங்க :) அதை இன்னொரு நாள் பேசுவோம்.

ஆனா "பிடி கடவுளோடது, நாம ஒண்ணும் செய்ய வேணாம்"னு போனா எங்க போய் முடியும்? யாக்கோபு 2:19, "பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன". 2:24, "மனுஷன் விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான்". லூத்தர் இந்த நிருபத்தையே வைக்கோல் நிருபம்னு சொல்லித் தள்ளிவெச்சவர்தானே?

தரங்கை_லூத்தரன்

சொன்னார், 1522 புதிய ஏற்பாட்டு முன்னுரையில். பிந்தின பதிப்புகளில் அந்த வரி இல்லை. பைபிளிலிருந்து யாக்கோபை அவர் நீக்கவும் இல்லை. அதே 1522-ல் ரோமருக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ள, சும்மா இருக்கத் தெரியாத ஒன்று, நன்மை செய்யலாமா என்று கேட்பதற்குள் செய்து முடித்திருக்கும் என்ற பொருளில் எழுதினார். 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லி மனம் அனல்கொள்ளக் கேட்டது அந்த முன்னுரையைத்தான். உங்கள் பெந்தேகோஸ்தே வரலாற்றை வெஸ்லி இல்லாமல் எழுத முடியாது பிரதர்.

யாக்கோபு அடிப்பது, பசியாய் இருக்கிறவனிடம் "சமாதானத்தோடே போங்கள்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துகிறவனின் விசுவாசத்தை. அது வாய்ச்சொல். சரியாகச் சொன்னால், அந்த ஜெபக்குழு அம்மாவிடம் கேட்டதும் வாய்ச்சொல்லைத்தான்.

மாதாகோயில்_தெரு

கத்தோலிக்கன் ஒருவன் உள்ளே வரலாமா? எங்களைப் பற்றி "கிரியையால் இரட்சிப்பு என்று நம்புகிறவர்கள்" என்று இந்தக் குழுமத்தில் பலமுறை படித்திருக்கிறேன். லூத்தருக்குப் பதில் சொல்ல எங்கள் ஆயர்கள் கூடின திரிதெந்து பொதுச்சங்கம் 1547 ஜனவரி 13 அன்று வெளியிட்ட ஆணையின் முதல் சட்டமே, கிறிஸ்துவின் அருள் இல்லாமல் தன் செயல்களால் மனிதன் கடவுள் முன் நீதிமான் ஆக முடியும் என்பவனைச் சபிக்கிறது. நம்பிக்கைதான் மீட்பின் தொடக்கம், அடித்தளம், வேர் என்று எட்டாம் அதிகாரம் சொல்கிறது. மறைக்கவில்லை, "நம்பிக்கையால் மட்டும், வேறு எந்த ஒத்துழைப்பும் தேவையில்லை" என்பவனையும் ஒன்பதாம் சட்டம் சபிக்கிறது. சண்டை அந்த "மட்டும்" என்பதில்.

அந்தச் சண்டையிலும் பாதிக்குமேல் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் தணிந்துவிட்டது. லூத்தரன் உலகச் சம்மேளனமும் வத்திக்கானும் கையெழுத்துப் போட்ட கூட்டறிக்கை, நம்மிடம் உள்ள எந்தத் தகுதியாலும் அல்ல, அருளால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் நம்பிக்கை வைத்துக் கடவுளால் ஏற்கப்படுகிறோம், நற்செயல் செய்ய அழைக்கப்படுகிறோம் என்று இருவரும் சேர்ந்து சொல்கிறது. 2006-ல் மெதடிஸ்டுகள், 2017-ல் சீர்திருத்த சபைகளின் உலக ஐக்கியம் சேர்ந்தார்கள். எங்கள் பங்கில் ஒரு பிரசங்கத்தில்கூட இதைக் கேட்டதில்லை. உங்கள் பக்கமும் அப்படித்தான் இருக்கும்.

அக்கா, உங்கள் கேள்விக்கு எங்கள் பக்கத்துப் பதில் சட்டப் புத்தகம் மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நம்பிக்கை என்பது திருமுழுக்கில் ஊற்றப்படும் ஒரு நிலைத்த பண்பு. அதற்கு எதிராகத் தெரிந்தே, மனமொத்துச் செய்கிற செயலால்தான் அது போகும். மறதி நோயில் "தெரிந்து" என்பதும் இல்லை, "மனமொத்து" என்பதும் இல்லை. சாவான பாவம் (அருளை இழக்கச் செய்யும் கனமான பாவம்) செய்யவே உங்கள் அம்மாவால் இப்போது முடியாது. நோயில்பூசுதல் (நோயாளிக்கு எண்ணெய் பூசும் அருட்சாதனம்) கொடுக்கும்போதும், நோயாளி சுயநினைவோடு இருந்த காலத்தில் மறைமுகமாகவேனும் இதைக் கேட்டிருந்தாரா என்றுதான் திருச்சபைச் சட்டம் (1006) பார்க்கிறது. இன்றைக்குப் பதில் சொல்கிறாரா என்று பார்ப்பதில்லை.

உங்கள் அண்ணனை ரொம்பத் திட்டாதீர்கள். மத்தேயு 25-ல் வலப்பக்கம் நிற்கிறவர்கள் என்ன கேட்கிறார்கள்? "ஆண்டவரே, நாங்கள் எப்பொழுது உம்மைப் பசியுள்ளவராகக்கண்டு உமக்குப் போஜனங்கொடுத்தோம்?" தாங்கள் செய்தது அவர்களுக்கே நினைவில்லை. ராஜாவுக்கு நினைவிருக்கிறது.

நாசரேத்_பொண்ணு

மத்தேயு 25-ஐ நான் இப்படி யோசித்ததே இல்லை. அண்ணனிடம் காட்டினால் தலையில் தூக்கி வைத்துக்கொள்வான், காட்டமாட்டேன்.

உப்பளம்

அமேசிங் கிரேஸ் எழுதின ஜான் நியூட்டன் வயசான காலத்தில, "என் ஞாபகம் ஏறக்குறைய போயிடுச்சு, ஆனா ரெண்டு விஷயம் ஞாபகம் இருக்கு, நான் பெரிய பாவி, கிறிஸ்து பெரிய இரட்சகர்"னு சொன்னதா சொல்வாங்க. அம்மாவுக்கும் அந்த ரெண்டு மட்டும் உள்ளுக்குள்ள எங்கேயோ இருக்கும் அக்கா.

வார்டு_நர்ஸ்

உப்பளம், நல்ல மனசோட சொல்றீங்க. ஆனா பதினைஞ்சு வருஷமா இந்த மாதிரி நோயாளிகளைப் பாக்கிறேன். அந்த ரெண்டும் போகும். பேர் போகும், பிள்ளை போகும், பசி தாகம்கிற உணர்வே மாறிடும். "உள்ளுக்குள்ள எங்கேயோ இருக்கும்"னு நாம நினைக்கிறது நமக்காக. சில பேர் பழைய பாட்டுப் பாடுவாங்க, சில பேர் நல்ல கிறிஸ்தவங்களா வாழ்ந்தவங்க காது கூசுற கெட்ட வார்த்தை பேசுவாங்க. பாட்டுப் பாடினவங்களுக்கு விசுவாசம் இருக்கு, திட்டினவங்களுக்கு இல்லைன்னு எடுத்துக்கிட்டா, மூளையில எந்தப் பக்கம் முதல்ல சுருங்குதோ அதை வெச்சு மோட்சம் நரகம்னு ஆயிடும்.

எனக்கு இறையியல் தெரியாது. ஆனா அந்த ரெண்டுமே போன பிறகும் நிக்கிற மாதிரி ஒரு பதில் இருந்தா சொல்லுங்க. இல்லாட்டி நல்லா இருக்கிறவங்களுக்கான உபதேசம்தான் இது.

பாளை_உபதேசியார்

நர்ஸ் அம்மா கேட்டது சரி. நியூட்டன் பேச்சு வந்ததால் அவருடைய நண்பரைப் பற்றிச் சொல்கிறேன். வில்லியம் கூப்பர், கவிஞர். ஓல்னி என்கிற ஊரில் இரண்டு பேரும் சேர்ந்து எழுதின பாட்டுப் புத்தகம் 1779-ல் வந்தது. அதில் கூப்பர் எழுதின பாட்டுகளை இன்றைக்கும் சபைகளில் பாடுகிறார்கள். ஆனால் 1773-ல் வந்த மனநோய்க்குப் பிறகு, தேவன் தன்னைத் தனியாகக் கைவிட்டுவிட்டார் என்ற எண்ணம் கூப்பரை விடவே இல்லை. கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். 1800-ல் சாகிறவரை அதே இருட்டு. அவருடைய வாயில் கடைசியாக இருந்தது அறிக்கை அல்ல, அவநம்பிக்கை. அந்த மனுஷனை ஒரு சபையும் அவிசுவாசி என்று எழுதிவைக்கவில்லை.

1646-ல் எழுதி முடித்த வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையில் பத்தாம் அதிகாரம், மூன்றாம் பிரிவு. பேச்சறியாமல் சாகும், தேவனால் தெரிந்துகொள்ளப்பட்ட குழந்தைகளைக் கிறிஸ்து ஆவியினாலே இரட்சிக்கிறார், அவர் எப்போது, எங்கே, எப்படிச் செயல்பட விரும்புகிறாரோ அப்படி என்று சொல்லிவிட்டு, வார்த்தையின் ஊழியத்தால் வெளிப்படையாக அழைக்கப்படும் திராணி இல்லாத மற்றவர்களும் அப்படியே என்று சேர்க்கிறது. கடுமையான பியூரிட்டன்கள் (இங்கிலாந்தின் கண்டிப்பான புராட்டஸ்டண்டுகள்) எழுதினது அது. "விசுவாசம் மாத்திரம்" என்பதில் அணுவளவும் விட்டுக்கொடுக்காதவர்கள். அவர்களுக்கே தெரிந்திருந்தது, புத்தி வேலை செய்யாத இடத்தில் தேவன் வேலை செய்யாமல் நிற்கமாட்டார் என்று.

நர்ஸ் அம்மா, அந்த இரண்டும் போன பிறகு நிற்பது ஏசாயா 49:15. "ஸ்திரீயானவள்... தன் பாலகனை மறப்பாளோ? அவர்கள் மறந்தாலும், நான் உன்னை மறப்பதில்லை." இது ஆறுதலுக்காகச் சொல்கிறதல்ல, உபதேசமே இதுதான். கிருபை என்றால் மறக்காத தரப்பு எது என்பது.

திருவரங்கன்_தாசன்

நான் வைணவன். மட்டுறுத்துநர் அனுமதித்தால் ஒரு வார்த்தை.

உபதேசியார் ஐயா "விசுவாசமும் ஒரு கிரியையாகிவிடும்" என்றதைப் படித்ததும் எங்கள் வீட்டுச் சண்டை மாதிரி இருந்தது. சரணாகதியே ஒரு உபாயமா (மோட்சத்துக்கு வழியா), அல்லது பெருமாள் மட்டும்தான் உபாயமா என்று வடகலையும் தென்கலையும் தலைமுறை தலைமுறையாக வாதாடியிருக்கிறார்கள். தாயை இறுகப் பிடித்துக்கொள்ளும் குரங்குக்குட்டியா ஜீவன், தாய் வாயால் கவ்விக்கொண்டு போகும் பூனைக்குட்டியா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஒரு சின்ன வியாஜமாவது (சாக்காவது) நம் பக்கம் வேண்டும் என்பது வேதாந்த தேசிகர் வழி. அதைக்கூட உபாயம் என்று எண்ணாதே என்பது பிள்ளை லோகாசாரியார் வழி.

அந்த அம்மாவின் நிலைமைக்கு எங்களிடம் நேராகவே பேச்சு இருக்கிறது. வராஹ அவதாரத்தில் பெருமாள் வாக்காக வரும் வராஹ சரம ஸ்லோகம் சொல்வது: மனமும் உடம்பும் நன்றாக இருக்கும்போது ஒருவன் என்னை நினைத்தால் போதும், பிறகு கட்டையும் கல்லும்போல அவன் கிடக்கும் காலத்தில் நான் அவனை நினைக்கிறேன், நானே அழைத்துப்போகிறேன். பெரியாழ்வார் இதைத் தமிழில்,

எய்ப்பு என்னை வந்து நலியும்போது அங்கு ஏதும் நான் உன்னை நினைக்கமாட்டேன்
அப்போதைக்கு இப்போதே சொல்லிவைத்தேன் அரங்கத்து அரவணைப் பள்ளியானே

என்று பாடிவிட்டார். அதற்கு முந்தின அடியில் "ஒப்பிலேன் ஆகிலும் நின்னடைந்தேன்" என்று வரும். தகுதி இல்லாவிட்டாலும் வந்து சேர்ந்தேன் என்று.

பெந்தே_பிரதர்

மன்னிக்கணும், இது கிறிஸ்தவ உபதேசப் பகுதி. எல்லாம் ஒண்ணுதான்னு கொண்டுபோய் முடிக்கப்போறீங்க.

மட்டுறுத்துநர்

அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. தலைப்புக்குள்தான் இருக்கிறது. தொடரலாம்.

பாளை_உபதேசியார்

ஒன்றுதான் என்று நானும் சொல்லமாட்டேன், தாசன் ஐயாவும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து கவிஞர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858-ல் ஞானஸ்நானம் பெற்றவர். அவருடைய பாட்டுகளில் ஆழ்வார் வாசனை அடிக்கிறது என்று சொல்லாத தமிழ் வாத்தியார் இல்லை. ஜெர்மானிய இறையியலாளர் ருடால்ஃப் ஓட்டோ இந்த இரண்டு மார்க்கங்களையும் ஒப்பிட்டே ஒரு புத்தகம் எழுதினார்.

வித்தியாசம் எங்கே என்றால், பவுலுக்குக் கிருபை என்பது தேவன் நினைவு வைத்துக்கொள்வதோடு முடிவதில்லை. ஒரு வழக்கு இருக்கிறது, குற்றம் இருக்கிறது, அது சிலுவையில் தீர்க்கப்பட்டது. ரோமர் 3-ஆம் அதிகாரம் முழுக்க நீதிமன்ற வாசனைதான். தீர்ப்பு எழுதி முடிந்துவிட்டது. விடுதலையானவன் பிற்பாடு தன் வழக்கு எண்ணை மறந்துபோனால் தீர்ப்பு மாறாது. ஆனால் அந்தப் பாசுரம், "அப்போதைக்கு இப்போதே சொல்லிவைத்தேன்", என்னை இன்றைக்குத் தூங்கவிடாது போலிருக்கிறது.

கேள்விக்குறி

தரங்கை, உங்கள் பதிலில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அப்பா நினைவு தப்பிய பிறகு சொன்ன "அல்லேலூயா" சேராது. நினைவோடு இருந்தபோது சொன்ன "இல்லை" மட்டும் சேருமா? அந்த அம்மாவை நினைவு வைத்துக்கொள்கிறவர் என் அப்பாவையும் நினைவு வைத்திருப்பார் அல்லவா? அவர் யாரையும் ஏமாற்றாத மனிதர். வேலைக்குப் போன இடத்தில் எல்லாம் சங்கம் கட்டியவர்.

பெந்தே_பிரதர்

பிரதர், உங்க அப்பா கடைசி நிமிஷத்தில உள்ளுக்குள்ள என்ன செஞ்சார்னு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. சிலுவையில தொங்கின கள்ளனுக்கு ஞானஸ்நானமும் இல்ல, ஒரு நல்ல காரியமும் இல்ல, ஒரு வரி ஜெபம்தான். அதனாலதான் நாங்க கடைசி மூச்சுவரைக்கும் விடாம சொல்றோம். அதை நீங்க தொல்லைன்னு பாக்கிறீங்க.

கேள்விக்குறி

கள்ளனுக்கு நினைவு இருந்தது. அவரே கேட்டார். யாரும் கையைப் பிடித்துச் சொல்லவைக்கவில்லை.

தரங்கை_லூத்தரன்

கேள்விக்குறி, சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். எங்கள் உபதேசத்தில் கையைச் சுடுகிற இடம் இதுதான். இரட்சிக்கப்படுகிறவன் முழுக்கக் கிருபையால் இரட்சிக்கப்படுகிறான், இழந்துபோகிறவன் தன் மறுப்பால் இழந்துபோகிறான் என்று 1577-ல் எழுதின எங்கள் லூத்தரன் சபைகளின் இசைவு அறிக்கை இரண்டையும் சொல்கிறது. இரண்டையும் இணைக்கிற பாலம் எங்கே என்று கேட்டால், கட்டாதே என்கிறது. கால்வின் வழிக்காரர்கள் முன்குறித்தல் (யார் இரட்சிக்கப்படுவார் என்று தேவன் முன்பே தீர்மானித்தார்) என்று ஒரு பக்கம் கட்டினார்கள். அர்மீனியஸ் வழிக்காரர்கள் மனித சுயாதீனம் என்று மறுபக்கம் கட்டினார்கள். 1618-லிருந்து 1619 வரை டோர்ட் நகரத்தில் அதற்காகவே மாநாடு கூடினார்கள், இன்றைக்கும் முடியவில்லை. உங்கள் அப்பாவைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு அதிகாரம் தரப்படவில்லை. சொல்கிறவன் யாராயிருந்தாலும், ஸ்வீட் பாக்ஸோடு வந்தவர்கள் உட்பட, அவனுக்கும் தரப்படவில்லை.

கேள்விக்குறி

இது பதில் இல்லை. ஆனால் ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தவர்கள் இதைக்கூடச் சொல்லவில்லை.

மாதாகோயில்_தெரு

ஒன்று சேர்க்கிறேன். தன் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல், மனச்சான்றின் குரலைப் பின்பற்றி வாழ்கிறவர்களும் மீட்படைய முடியும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1964, திருச்சபை பற்றிய ஏடு, 16-ஆம் பத்தி) சொல்கிறது. அதுவும் அருளால்தான், அவர்களுடைய தகுதியால் அல்ல. உங்கள் அப்பா "அறியாதவர்" என்ற வகையில் வருவாரா என்று கேட்டால் நீங்களே சிரிப்பீர்கள். எங்கள் பாட்டிகள் நேர்ச்சையோடு நிறுத்திவிட்ட இடத்தில் சங்கம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

நாசரேத்_பொண்ணு

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். "யாருடைய கையில் இருக்கிற பொருளுக்கு ரிஸ்க்" என்றது போதும் எனக்கு. கேள்விக்குறி அண்ணா, உங்கள் அப்பா பேச்சை நான் வைத்த கேள்விதான் இழுத்துவிட்டது. உங்களுக்கும் ஒரு பதில் கிடைத்திருக்கலாம் என்று இருக்கிறது.

இரண்டு நடைமுறைக் கேள்வி. ஒன்று, அடுத்த ஞாயிறு சபை ஐயர் (போதகர்) வீட்டுக்கு வந்து திருவிருந்து கொடுக்கிறேன் என்றார். "தன்னைத்தானே சோதித்தறிந்து" புசிக்கவேண்டும் என்று 1 கொரிந்தியர் 11-ல் இருக்கிறதே, அம்மாவால் முடியாதே, கொடுக்கலாமா? இரண்டு, அதே ஜெபக்குழு வியாழக்கிழமை மறுபடி வருகிறார்களாம். வரவேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா?

பாளை_உபதேசியார்

கொடுக்கச் சொல்லுங்கள். கொரிந்து சபையில் பவுல் அடித்தது, பணக்காரன் முந்திச் சாப்பிட்டுக் குடித்து வெறித்திருக்க, ஏழை பசியோடு நின்ற கூத்தை. சோதித்தறிய வேண்டியவன் சோதிக்கும் புத்தி உள்ளவன். வாழ்நாள் முழுக்க அந்த மேசைக்கு வந்த ஒரு தாயாரைத் திருப்பி அனுப்ப அந்த வசனத்தை யாரும் எடுக்கக்கூடாது.

வார்டு_நர்ஸ்

அப்பத்துண்டு ரொம்பச் சின்னதா இருக்கட்டும், ரசத்தில தோய்ச்சுக் கொடுக்கச் சொல்லுங்க. படுத்திருந்தா கொடுக்காதீங்க, நல்லா நிமிர்த்தி உக்கார வெச்சு, விழுங்கினாங்களான்னு பாத்துட்டு அப்புறம் ஜெபம் பண்ணுங்க. துப்பினா துப்பட்டும், யாரும் பதற வேணாம். துணி ஒண்ணு கையில வெச்சுக்கோங்க.

தரங்கை_லூத்தரன்

ஜெபக்குழு விஷயத்தில் என் எண்ணம், வரட்டும். மாற்கு 2-ல் திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்கினார்கள். "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்றுதான் எழுதியிருக்கிறது. படுத்திருந்தவன் அதுவரை ஒரு வார்த்தை பேசினதாக இல்லை. வந்து சுமக்கட்டும். அம்மாவிடம் கேள்வி கேட்கக்கூடாது என்று மட்டும் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

பெந்தே_பிரதர்

நான் அந்தக் குழுவில இருந்தா கேட்டுத்தான் இருப்பேன் சிஸ்டர், மறைக்க விரும்பல. ஆத்துமா விஷயத்தில ரெண்டு தடவை கேட்கிறது தப்பில்லைன்னு இப்பவும் நினைக்கிறேன். ஆனா மாற்கு 2-க்கு எங்கிட்ட பதில் இல்ல. எங்க பாஸ்டர்கிட்ட கேட்டுட்டு வந்து எழுதுறேன்.

நாசரேத்_பொண்ணு

கேட்டு எழுதுங்க பிரதர். வியாழக்கிழமை வருகிறவர்களுக்கு டீயும் முறுக்கும் உண்டு, கேள்வி கிடையாது.